பின் சக்கரத்தைக் கழட்டுவதும் பத்திரமாகப் பூட்டுவதும்



இந்த முறை கைத்தொழில் பாடத்துக்கு மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தை எடுத்துக்கொள்கிறோம். பஞ்சர் ஒட்ட, பிரேக் ஷூ மாற்ற, டயர் போட, பெயாரிங் பார்க்க, எதற்கென்றாலும் முதலில் இந்தச் சக்கரம் கையில் வரவேண்டும். கழட்டுவது பெரிய வித்தையில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட ஒரு தடவை பார்த்தால் செய்துவிடும். திரும்பப் பூட்டுவதில்தான் ஆபத்து இருக்கிறது. ஆகவே பூட்டுகிற பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

நம்ம ஊர்ப் பாதையை நாங்கள் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. பதுளை டவுன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நமுனுகுலை மலை உச்சி 2,036 மீற்றர். நம் தோட்டங்களில் பல இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு வளைவில் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. பண்டாரவளையிலிருந்து தெமோதரை, ஹாலிஎல வழியாகப் பதுளைக்கு இறங்கினால் ஐந்நூறு மீற்றருக்கு மேல் இறக்கம். பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் கேட்கவே வேண்டாம். இப்படியான இடத்தில் பின் பிரேக்கும் பின் சக்கரமும் சரியாக இருப்பது உயிர்ப் பிரச்சினை. மழைக்காலத்தில் மண்சரிந்து, கல்லும் கம்பியும் ரோட்டில் கிடக்கும் நாட்களில் பஞ்சரும் அடிக்கடி வரும். லயத்திலிருந்து பஞ்சர் கடைக்கு ஆறு ஏழு மைல் என்றால், பைக்கைத் தள்ளிக்கொண்டு போவதற்குள் அரை நாள் பேர் போய்விடும். த்ரீவீல் பிடித்துச் சக்கரத்தை மட்டும் கொண்டுபோனாலும், கழட்டத் தெரிந்திருக்க வேண்டுமே.

இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருசமும் இருந்த பைக்கையே ஓட்டி ஓட்டி, நம் தோட்டங்களில் இன்றைக்கும் ஓடுபவற்றில் பல வயதான வண்டிகள். அவற்றுக்குப் பராமரிப்பு கூடுதலாகத் தேவை.

"பெல்ட்டில் ஓடும் பைக் என்கிறார்களே, அதில் சக்கரம் எப்படிக் கழட்டுவது?" என்று சில தம்பிமார் கேட்கிறார்கள். அதையும் கடைசியில் சொல்கிறோம். ஆனால் லயத்து வாசலில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை செயின் வண்டி. அதற்கு அடுத்தது ஸ்கூட்டர். ஆகவே செயினில் தொடங்குவோம்.

முதலில் இடமும் சாமானும்

சரிவில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. பிரட்டுக்களம், கோயில் முற்றம், இஸ்தோப்பு, எங்கே மட்டமான தரை இருக்கிறதோ அங்கே கொண்டுபோங்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பக்க ஸ்டாண்டில் நிறுத்தினால் சக்கரத்தைத் தூக்க முடியாது. நடு ஸ்டாண்ட் இல்லாத வண்டி என்றால் எஞ்சினுக்குக் கீழே பலமான மரக்கட்டை கொடுத்து, இரண்டு பேர் சேர்ந்து செய்யுங்கள். முன் சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு கல் வைத்துவிடுங்கள். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் சாவியைக் கண்டால் சும்மா இருக்காது. சைலன்சர் சூடாக இருந்தால் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பழைய உரச்சாக்கு ஒன்றை விரித்து, கழட்டுகிற ஒவ்வொரு நட்டையும் வாசரையும் கழட்டிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்குங்கள். பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்தால் போதும். கைபேசி இருப்பவர்கள் கழட்டுமுன் இரண்டு பக்கமும் ஒரு படம் எடுத்து வையுங்கள். நட்டுக்குச் சரியான அளவு ஸ்பேனர் வேண்டும். குறடு கொண்டு எக்சல் நட்டைத் திருகுவதைப் பல இடங்களில் பார்க்கிறோம். நட்டின் மூலை தேய்ந்த பிறகு கராஜ் பாஸுக்கே அது தலைவலி.

கழட்டும் முறை

நம்மிடம் உள்ள சிறிய இந்திய, ஜப்பான் பைக்குகளில் பெரும்பாலும் இடப்பக்கம் செயின், வலப்பக்கம் பின் பிரேக். வலப்பக்கத்தில் பிரேக் கம்பியின் நுனியில் ஒரு நட் இருக்கும். காலால் மிதிக்கும் பெடலை அழுத்தி விட்டு அந்த நட்டைக் கழட்டுங்கள். கம்பியை இழுத்தால் ஸ்பிரிங்கும், உருண்டையான சின்னப் பின்னும் வரும். அவற்றைக் கம்பியிலேயே திரும்பக் கோத்து நட்டை இரண்டு சுற்றுப் போட்டு வையுங்கள். இந்தச் சின்னப் பின் புல்லுக்குள் விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்கப் பொழுது போய்விடும்.

அடுத்தது, பிரேக் தட்டிலிருந்து போர்க்குக்குப் போகும் தட்டையான கம்பி. கராஜில் டோர்க் ஆர்ம் என்பார்கள். நாங்கள் பிடிகம்பி என்று சொல்கிறோம். அதன் நட்டில் ஒரு ஸ்பிளிட் பின், அதாவது இரண்டு காலை விரித்து வைத்திருக்கும் ஊசி இருக்கும். காலை நேராக்கி ஊசியை உருவி, நட்டைக் கழட்டி, கம்பியை விடுவியுங்கள். இந்தக் கம்பியின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதைப்பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது. சில மாதிரிகளில் கம்பிக்குப் பதிலாகப் பிரேக் தட்டில் ஒரு வெட்டு இருக்கும். அது போர்க்கில் உள்ள முளையில் போய் உட்கார்ந்திருக்கும். வேலை ஒன்றுதான்.

இப்போது எக்சல். இடப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். பல பைக்குகளில் அங்கே ஒன்றல்ல, இரண்டு நட் தெரியும். வெளியே சின்னது, அதற்கு உள்ளே பெரியது. இதைத் தெரியாமல்தான் பலபேர் வேலையை இரண்டு மடங்காக்கிக்கொள்கிறார்கள். சின்ன நட் எக்சலுக்கு. பெரிய நட் பல்சக்கரத்தைப் போர்க்கோடு பிடித்திருப்பது. பஞ்சருக்குப் பெரிய நட்டைத் தொடவே தேவையில்லை. சின்ன நட்டைக் கழட்டி, எக்சலை மறுபக்கமாக உருவினால் போதும். பல்சக்கரமும் செயினும் அவற்றின் இடத்திலேயே நிற்க, சக்கரம் மட்டும் விலகி வரும். செயின் டைட் மாறாது. கையில் எண்ணெயும் படாது.

எக்சலை உருவும்போது வலப்பக்கம் ஒரு குழாய்த்துண்டு விழும். அதுதான் ஸ்பேசர். எந்தப் பக்கம் உள்ளே பார்த்து இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சக்கரத்தை வலப்பக்கமாக இழுத்தால் ஹப்பில் உள்ள ரப்பர் துண்டுகளிலிருந்து பல்சக்கரம் விடுபடும். வண்டியை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க ஒரு ஆள் இருந்தால், மட்கார்டுக்குக் கீழால் சக்கரம் வெளியே வந்துவிடும்.

ஒரே ஒரு நட் உள்ள வண்டிகளில் செயினையும் கழட்ட வேண்டும். எக்சலைத் தளர்த்தி, இரு பக்கத்திலும் உள்ள செயின் அட்ஜஸ்டர் நட்டுகளைச் சம சுற்றாகத் தளர்த்துங்கள். எத்தனை சுற்று என்று எண்ணி ஒரு தாளில் எழுதி வையுங்கள். சக்கரத்தை முன்னுக்குத் தள்ளினால் செயின் தளரும். கையால் சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே செயினை ஒரு பக்கம் வழித்து விடலாம். விரல் செயினுக்கும் பல்லுக்கும் நடுவில் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, கியரில் போட்டு, சக்கரம் சுற்றும்போது துணியைப் பிடித்துச் செயின் துடைக்கும் பழக்கம் நம்ம பொடியன்மாரிடம் இருக்கிறது. துணியைச் செயின் இழுத்தால் விரலையும் சேர்த்துத்தான் இழுக்கும். கண்ணால் பார்த்துக் கையை இழுக்குமுன் விரல் நுனி போய்விடும். தேயிலை ஸ்டோரில் ரோலர் ஓடும்போது பெல்ட்டுக்குப் பக்கத்தில் கையை நீட்ட விடுவார்களா? அதே சட்டம் இங்கேயும். எஞ்சின் நின்றிருக்க, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் துடைக்க வேண்டும்.

சக்கரம் கையில் இருக்கும்போது

கழட்டியதோடு பஞ்சரை மட்டும் ஒட்டிவிட்டு மாட்டிவிடாதீர்கள். நாலு விஷயத்தைப் பார்க்க இதுதான் சந்தர்ப்பம்.

பிரேக் தட்டைத் தூக்கினால் உள்ளே கறுப்புத் தூள் இருக்கும். வாயால் ஊதக்கூடாது. பழைய பிரேக் லைனரில் கல்நார் கலந்திருக்கலாம், அது நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள். லைனர் தேய்ந்து ஷூவின் இரும்பை நெருங்கிவிட்டதா பாருங்கள். வெளியே பிரேக் லீவருக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக் பிடிக்கும்போது அது எல்லைக் கோட்டைத் தொட்டால் ஷூ மாற்றும் காலம் வந்துவிட்டது. லைனரில் எண்ணெயோ கிரீஸோ பட்டிருந்தால் பெற்றோல் போட்டுக் கழுவிச் சரிப்படுத்தலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். உறிஞ்சிய எண்ணெய் சூட்டில் மறுபடி வெளியே வரும். அப்படிப்பட்ட ஷூவை மாற்றுவதுதான் நல்லது.

ஹப்பின் துவாரத்தில் விரலை விட்டுப் பெயாரிங்கைச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று இருந்தாலோ, ஆட்டம் இருந்தாலோ மாற்ற வேண்டும். பல்சக்கரம் உட்காரும் ரப்பர் துண்டுகள் நசுங்கிப் போயிருந்தால் கியர் போடும்போதெல்லாம் "டக்" என்று அடிக்கும். ஸ்போக்குகளை ஒரு ஸ்பேனரால் மெதுவாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். இறுக்கமானது கணீரென்று கேட்கும், தளர்ந்தது சத்தமில்லாமல் இருக்கும்.

பஞ்சர் ஒட்டும் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரே ஒரு வார்த்தை: டியூபைப் போடுமுன் டயரின் உட்பக்கத்தைத் துணியால் ஒரு சுற்றுத் தடவுங்கள். முள்ளோ ஆணியோ அங்கேயே இருந்தால் துணி சிக்கும். விரலால் தடவினால் விரல் கிழியும். வால்வு நேராக நிற்கவேண்டும். சாய்ந்து நின்றால் டியூப் உள்ளே இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம், காற்றை இறக்கி மறுபடி சரிசெய்யுங்கள்.

பூட்டும் முறை

கழட்டிய வழியே திரும்பி வர வேண்டும். எக்சலைத் துடைத்து மெல்லிசாகக் கிரீஸ் பூசுங்கள். பிரேக் லைனரில் படாமல் கவனம். பிரேக் தட்டை ஹப்புக்குள் வைத்து, சக்கரத்தை மட்கார்டுக்குக் கீழே கொண்டுபோய், ஹப்பின் ரப்பர்களுக்கு நடுவில் பல்சக்கரத்தின் கைகள் சரியாக விழும்படி இடப்பக்கமாகத் தள்ளுங்கள். முழுவதும் போய் உட்காராவிட்டால் சுத்தியலால் அடிக்க வேண்டாம். சக்கரத்தை முன்னும் பின்னும் கொஞ்சம் அசைத்தால் தானாகப் போகும். ஸ்பேசரை அதன் இடத்தில் வைத்து எக்சலைச் செலுத்துங்கள். நட்டைக் கையால் மட்டும் போடுங்கள். இன்னும் இறுக்க வேண்டாம்.

இப்போது பிடிகம்பி.

இந்தக் கம்பி என்ன செய்கிறது? நீங்கள் பிரேக் மிதித்தவுடன் ஷூ விரிந்து, சுற்றிக்கொண்டிருக்கும் டிரம்மைப் பிடிக்கிறது. டிரம் சும்மா விடாது. ஷூவையும், ஷூ பூட்டியிருக்கும் தட்டையும் தன்னோடு சேர்த்துச் சுற்றப் பார்க்கும். அதைச் சுற்றவிடாமல் பிடித்து நிறுத்துவது இந்தக் கம்பி ஒன்றுதான். கம்பியைப் பூட்ட மறந்துவிட்டால் முற்றத்தில் தள்ளிப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. மெதுவாக மிதித்தால் பிரேக் பிடிப்பதுபோலக்கூட இருக்கும். ஹாலிஎலப் பக்கம் இறக்கத்தில், பின்னால் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு, வளைவில் பஸ் வருகிறதே என்று அழுத்தி மிதிக்கும் அந்த நேரத்தில் தட்டு சுழன்றுவிடும். பிரேக் கம்பி முறுக்கி இழுபடும், சில நேரம் சக்கரமே அப்படியே பூட்டிக்கொள்ளும். வண்டி சறுக்கும், அல்லது பிரேக்கே இல்லாமல் போகும். இரண்டுக்கும் முடிவு பள்ளம்தான்.

அதனால் எங்கள் கருத்து இது. எக்சல் நட்டை இறுக்குமுன் பிடிகம்பியைப் பூட்டி, அதன் நட்டையும் வாசரையும் போட்டு, ஸ்பிளிட் பின்னையும் போட்டு முடித்துவிடுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் மறதி வரும். வெட்டும் முளையும் உள்ள வண்டியில், தட்டின் வெட்டு முளைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். பழைய ஸ்பிளிட் பின்னை மறுபடி மடக்காதீர்கள். இரண்டு தடவை வளைத்த கம்பி மூன்றாம் தடவை முறியும். கட்டுக்கம்பியும் ஆணியும் அதற்குப் பதில் ஆகாது.

அடுத்தது செயின். பெரிய நட்டையும் அட்ஜஸ்டரையும் தொடாதவர்களுக்கு இது பழைய நிலையிலேயே இருக்கும். தொட்டவர்கள் கீழ்ச்செயினை நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சிறிய பைக்குகளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீற்றர் அசைவு இருக்கவேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே கணக்கு. செயின் எல்லா இடத்திலும் ஒரேமாதிரி தேய்வதில்லை. ஆகவே சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, எங்கே மிகவும் இறுகுகிறதோ அங்கே அளக்க வேண்டும். செயின் டைட்டாக இருந்தால்தான் வண்டி இழுக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது சரியில்லை. ஆட்கள் ஏறி வண்டி அமரும்போது செயின் இன்னும் இறுகும். அப்போது பெயாரிங்கும் கியர்பெட்டித் தண்டும் அடிவாங்கும். தளர்ந்திருந்தால் பல்லிலிருந்து நழுவி விழும், விழுந்த செயின் சக்கரத்துக்குள் சிக்கினால் வண்டி நடு ரோட்டில் நின்றுவிடும்.

போர்க்கின் இரண்டு பக்கமும் கோடுகள் வெட்டியிருக்கும். அட்ஜஸ்டர் இரண்டு பக்கத்திலும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். ஒரு பக்கம் மூன்றாம் கோடு, மறுபக்கம் நாலாம் கோடு என்றால் சக்கரம் கோணலாக ஓடும், டயரும் செயினும் ஒரு பக்கமாகத் தேயும்.

செயின் மாற்றுகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. சிறிய பைக் செயினில் 428 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் 4 என்பது ஒரு கண்ணியிலிருந்து அடுத்ததுக்கு உள்ள தூரம். அங்குலத்தை எட்டாகப் பிரித்து அதில் நாலு பங்கு, அதாவது அரை அங்குலம், 12.7 மில்லிமீற்றர். பின்னால் உள்ள 28 அகலத்தைச் சொல்வது. கடையில் வேறு நம்பர் தந்தால் வாங்காதீர்கள். மற்றது, செயினை இணைக்கும் கண்ணியில் போடும் சின்னக் கிளிப். அதற்கு ஒரு பக்கம் மூடியும் மறுபக்கம் மீன்வால் போலத் திறந்தும் இருக்கும். மீன் எப்படி நீந்தும்? தலை முன்னே, வால் பின்னே. செயின் ஓடும் திசையில் மூடிய பக்கம் முன்னே போகவேண்டும். மேற்செயின் வண்டியின் முன்பக்கம் நோக்கி ஓடுகிறது, ஆகவே மேலே வைத்துப் பார்க்கும்போது தலை எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் எங்காவது தட்டுப்பட்டுக் கிளிப் கழன்றுவிடும்.

இனி எக்சலை இறுக்கலாம். பெடலை ஒரு ஆள் மிதித்துப் பிடித்துக்கொண்டிருக்க, மற்ற ஆள் நட்டை இறுக்குங்கள். அப்போது பிரேக் ஷூ டிரம்முக்கு நடுவில் வந்து உட்காரும். எவ்வளவு இறுக்குவது? பல சிறிய பைக்குகளின் கையேட்டில் 5 கிலோகிராம்-மீற்றரை ஒட்டிய அளவு போட்டிருக்கும். இதைக் கைக்கணக்கில் சொன்னால், ஒரு அடி நீளமான ஸ்பேனரின் நுனியில் 16, 17 கிலோ பாரம் அழுத்துவது. கொழுந்து நிறுத்துப் பழகிய கைக்கு அந்தப் பாரம் தெரியும். கூடையில் ஒரு நாள் பேருக்குக் கேட்கிற அளவுக்குக் கிட்ட வரும். ஸ்பேனருக்குப் பைப் மாட்டி, அதன்மேல் ஏறி மிதித்தால் எக்சலின் புரி கிழிந்துவிடும்.

பிரேக் கம்பியைத் திரும்பப் போட்டு, பெடல் 20 முதல் 30 மில்லிமீற்றர் கீழே இறங்கியதும் பிரேக் பிடிக்கும்படி நுனி நட்டைத் திருகுங்கள். இதிலும் கையேட்டு அளவுதான் முடிவு. பெடலை விட்டதும் சக்கரம் சும்மா சுற்ற வேண்டும். உரசினால் கொஞ்சம் தளர்த்துங்கள். பெடல் மிதிக்கும்போது பின் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள், கம்பியை மாற்றிப் போட்டால் அதுவும் மாறியிருக்கும்.

கழட்டி வைத்த செயின் கவரையும் சேலைக் காப்புக் கம்பியையும் "வேலை முடிஞ்சுது, இது எதுக்கு" என்று மூலையில் எறிந்துவிடாதீர்கள். பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து வரும் அம்மாவின் சேலைத் தலைப்பு, அக்காவின் துப்பட்டா, மருந்து எடுக்கப் போகும் பாட்டியின் போர்வை, எல்லாம் காற்றில் பறந்து சக்கரத்தைத்தான் தேடிப் போகும். சேலை சக்கரத்தில் சுற்றினால் ஒரு நொடியில் ஆளைக் கீழே இழுத்துவிடும். வண்டி ஓட்டுகிறவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. புது வண்டியில் தகட்டைக் கழட்டி அழகு பார்க்கும் தம்பிமாருக்கு இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறோம்.

வெள்ளோட்டம் விடும்போது யாரையும் ஏற்ற வேண்டாம். முதலில் தள்ளிக்கொண்டு நடந்து பிரேக் பிடித்துப் பாருங்கள். பிறகு மட்டமான இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அடுத்த நாள் காலையில் எக்சல் நட்டையும் பிடிகம்பி நட்டையும் ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு டவுனுக்கு இறங்குங்கள்.

ஸ்கூட்டரில் எப்படி?

இப்போது தோட்டங்களில் ஸ்கூட்டரும் வந்துவிட்டது. டீச்சர்மார், பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளர்கள், டவுனில் கடை வேலைக்குப் போகும் தங்கச்சிமார் பலர் ஓட்டுகிறார்கள். அவர்களும் இதைக் கற்றுக்கொள்ளலாம், பைக்கைவிட இது சுலபம். பெற்றோல் ஸ்கூட்டரிலும் பெல்ட்தான் சக்தியைக் கொண்டுபோகிறது. ஆனால் அது இடப்பக்கப் பெட்டிக்குள் மூடிக் கிடக்கிறது. சக்கரம் கழட்டுவதற்கும் அந்தப் பெல்ட்டுக்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் சைலன்சர் வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். ஆறிய பிறகு அதைக் கழட்டி, நடு நட்டின் ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டைக் கழட்டினால் சக்கரம் வலப்பக்கமாக இழுபடும். சில மாதிரிகளில் வலப்பக்கமும் ஒரு கை சக்கரத்தைப் பிடித்திருக்கும், அதை முதலில் கழட்ட வேண்டும். பிரேக் ஷூ வண்டியிலேயே தங்கிவிடும். பூட்டும்போது தண்டில் உள்ள நீளப் பற்களும் சக்கரத்தின் துவாரப் பற்களும் பொருந்த வேண்டும். இந்த ஒற்றை நட்டுத்தான் சக்கரத்தை வைத்திருக்கிறது, ஆகவே புதுப் பின் போடாமல் விடவே கூடாது. நட் இறுகாவிட்டால் பற்கள் தேய்ந்து, எஞ்சின் சத்தம்போட வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

பல் பெல்ட் வண்டிகள்

செயினுக்குப் பதிலாக வெளியே தெரியும் பல் பெல்ட் உள்ள மோட்டார் சைக்கிள்தான் தம்பிமார் கேட்டது. மோட்டார் சைக்கிள் தோன்றிய ஆரம்ப காலத்தில் தோல் பெல்ட்டில்தான் பல வண்டிகள் ஓடின. நனைந்தால் வழுக்கும், இழுபட்டுத் தளரும் என்பதால் செயின் அந்த இடத்தைப் பிடித்தது. பிறகு பலமான செயற்கை நாரை உள்ளே வைத்த பல் பெல்ட் வந்தது. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் 1980இல் ஸ்டர்ஜிஸ் என்ற மாதிரியில் அதைப் போட்டது. இன்றைக்கு நமக்குக் கிட்ட உள்ள உதாரணம் என்றால் இந்தியாவில் செய்யப்படும் ஏதர் 450 மின்சார ஸ்கூட்டர். அதிலும் பின் சக்கரத்தைச் சுற்றுவது பல் பெல்ட்தான். இதற்கு எண்ணெய் வேண்டாம், சத்தம் இல்லை.

ஸ்டோரில் பழைய காலத்து நீளத் தண்டும் பெல்ட்டும் ஓடியதைப் பார்த்த பெரியவர்களுக்கு இதன் குணம் உடனே விளங்கும். பெல்ட் சக்கரம் இரண்டும் நேராக இல்லாவிட்டால் பெல்ட் ஒரு பக்கமாகவே போய் உரசும். எண்ணெய் பட்டால் கெடும். தேவைக்கு மேல் இறுக்கினால் பெயாரிங் போகும்.

கழட்டும்போது எக்சலைத் தளர்த்தி, இரு பக்க அட்ஜஸ்டரையும் சம சுற்றாக எண்ணித் தளர்த்தி, சக்கரத்தை முன்னுக்குத் தள்ளுங்கள். பெல்ட் தளர்ந்ததும் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே பக்கமாக வழித்துவிடலாம். ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பக்கூடாது. மடக்கவும், முறுக்கவும், உள்வெளியாகத் திருப்பவும் கூடாது. வெளியே ஒரு மாற்றமும் தெரியாது, ஆனால் உள்ளே நார் உடைந்திருக்கும், பிறகு ஒரு நாள் ஏற்றத்தில் பட்டென்று அறுந்துவிடும். எந்தத் திசையில் ஓடியதோ அதே திசையில் திரும்பப் போட வேண்டும், ஆகவே சுண்ணக்கட்டியால் ஒரு அம்பு போட்டு வையுங்கள். பற்களுக்கு நடுவில் சின்னக் கல் இருந்தால் எடுத்துவிடுங்கள். நம்ம கிரவல் ரோட்டில் இதுதான் பெல்ட்டுக்கு முதல் எதிரி.

பூட்டியபின் டைட் பார்ப்பது பெல்ட் ஆறியிருக்கும்போது. பல மாதிரிகளில் 10 இறாத்தல், அதாவது நாலரைக் கிலோ அளவு அழுத்திப் பெல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கச் சொல்வார்கள். அதற்கு ஸ்பிரிங் வைத்த சின்னக் கருவி ஒன்று இருக்கிறது. கருவியும் கையேடும் இல்லாவிட்டால் இந்த ஒரு வேலையைத் தெரிந்த கராஜில் கொடுப்பதே உத்தமம். மின்சார வண்டி என்றால் பிரதான சுவிச்சை நிறுத்தாமல் சக்கரத்தில் கை வைக்க வேண்டாம். சத்தமில்லாத வண்டி, ஓடத் தயாராக இருப்பது வெளியே தெரியாது.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில், சக்கரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக்கைத் தொடக்கூடாது. தொட்டால் இரண்டு பேட்டும் ஒட்டிக்கொள்ளும், டிஸ்க் உள்ளே போகாது. நடுவில் ஒரு மெல்லிய மரத்துண்டைச் செருகி வையுங்கள். சக்கரத்தைப் பூட்டி முடித்ததும், ஓட்டுமுன் பிரேக்கை நாலைந்து தடவை அடித்து, கெட்டியான பிறகுதான் வண்டியை எடுக்கலாம். முதல் மிதி காற்றில்தான் போகும்.

ஸ்பிளிட் பின் பதுளை, பண்டாரவளை ஹார்ட்வெயார் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் அளவில் நாலைந்து வாங்கி, சின்னப் பொலித்தீனில் சுற்றி, பக்கக் கவருக்குள் டூல்ஸோடு போட்டு வையுங்கள்.